பலர் அறியாத மூன்று கார்கள்: ரும்ப்ளர், லான்சியா, டாட்ரா

1979-ல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில், ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச்சுரங்கத்துக்குள் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காற்றுச்சுரங்கம் என்பது ராட்சத விசிறி வைத்த ஒரு கூடம். அங்கே கார் நிற்கும், காற்று ஓடும். அந்தக் காற்று காரை எவ்வளவு பலமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதைக் கருவி அளந்து சொல்லும். அன்றைக்கு உள்ளே நின்றது, 1921 பெர்லின் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட ரும்ப்ளர் ட்ரோப்ஃபன்வாகன். தமிழில் சொன்னால் 'துளி வண்டி'. அளந்து முடித்தபோது வந்த எண் 0.28.

இதை இழுவைக் கெழு என்பார்கள். வடிவம் காற்றை எவ்வளவு லாவகமாக விலக்கிக்கொண்டு போகிறது என்பதற்கான அளவு இது, குறையக் குறைய நல்லது. 1920-களில் ரோட்டில் ஓடிய பெட்டி மாதிரிக் கார்களுக்கு இது 0.6, 0.7 என்ற கணக்கில் இருந்தது. 1979-ல் விற்பனையில் இருந்த புதுக் கார்களிலேயே பெரும்பாலானவை 0.4-க்கு மேல்தான். மூன்று வருடம் கழித்து ஆடி 100 கார் வந்தபோது, 0.30 என்ற எண்ணை விளம்பரத்தில் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அதையும் மிஞ்சிய ஒரு கார் 1920-களிலேயே பெர்லின் தெருவில் ஓடியிருக்கிறது.

அப்படியென்றால் ரும்ப்ளர் என்ற பெயர் ஏன் நம் காதில் விழவே இல்லை? இதுபோன்ற கார்களைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லும் பதில், "காலத்தை மிஞ்சிய யோசனை" என்பது. எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. ஒரு கார் ஒற்றை யோசனையாகக் கடைக்கு வருவதில்லை. இருபது முப்பது யோசனைகளை ஒரே மூட்டையாகக் கட்டித்தான் வருகிறது. வாங்குகிறவர் மூட்டையை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழுசாக விட்டுவிட வேண்டும். உள்ளே இருந்த ஒரு சரக்கு சொதப்பினால் நல்ல சரக்கும் சேர்ந்து திரும்பிப் போகும். பிறகு யாராவது நிதானமாக மூட்டையைப் பிரித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் கட்டிக் கொண்டுவந்தவரின் பெயர் மறைந்திருக்கும்.

எட்மண்ட் ரும்ப்ளர் 1872-ல் வியன்னாவில் பிறந்தவர். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கார் அல்ல, விமானம். முதல் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மனியில் புகழ்பெற்றிருந்த 'டவ்பே' (புறா) விமானங்களைத் தயாரித்து விற்றவர். போரில் ஜெர்மனி தோற்றதும் வெர்சாய் உடன்படிக்கை அந்த நாட்டின் விமானத் தொழிலை முடக்கிப்போட்டது. விமானத்தோடு மல்லுக்கட்டிய பொறியாளர்கள் பலர் வேலை தேடி காரின் பக்கம் வந்தார்கள். காற்று எப்படி ஓடும் என்ற அறிவு கார் தொழிலுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அவர் செய்த காரை மேலிருந்து பார்த்தால் விமான இறக்கையைக் குறுக்கே வெட்டிய மாதிரி இருக்கும். முன்பக்கம் மழுங்கல், பின்பக்கம் கூர். ஓட்டுநர் முன்னால் நடுவில் தனியாக உட்கார வேண்டும், மற்றவர்களுக்கு அவருக்குப் பின்னால் இடம். எஞ்சின் அதற்கும் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னே. எஞ்சினைப் பின்னால் தள்ளியதால் முன்பக்கத்தில் பெரிய ரேடியேட்டரை நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. வடிவம் இவ்வளவு சுத்தமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எஞ்சின் மக்கர் செய்தது. சீமென்ஸ்-ஹால்ஸ்கே செய்து கொடுத்த அந்த எஞ்சினில் இரண்டிரண்டு சிலிண்டராக மூன்று வரிசை, விசிறிபோல விரிந்திருக்கும். திறன் 36 குதிரைத்திறன். சூடு தணிப்பதிலும் எண்ணெய் ஓட்டத்திலும் ஓயாத தொல்லை. பெட்டி வைக்க இடமும் இல்லை. வசதியுள்ளவர்கள் வெளியூர் போகத்தான் கார் வாங்கினார்கள், அவர்கள் சாமான்களை எங்கே வைப்பார்கள்? கடைசியில் உள்ளே உயரமும் இடமும் தாராளம் என்பதால் பெர்லினில் வாடகைக் காராகச் சிலது ஓடியது. சுமார் 100 கார் செய்தபின் 1925 வாக்கில் எல்லாம் நின்றுபோனது. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை இரண்டு, ஒன்று மியூனிக்கிலும் ஒன்று பெர்லினிலும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மூட்டையைப் பிரித்தவர்களில் முதல் ஆள் பென்ஸ் நிறுவனம். ரும்ப்ளரிடம் உரிமம் வாங்கி, எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் அந்த அமைப்பை ஒரு பந்தயக் காரில் போட்டார்கள். 1923-ல் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் அந்தக் கார்கள் 4-ஆம், 5-ஆம் இடத்துக்கு வந்தன. இன்றைய ஃபார்முலா ஒன் காரில் எஞ்சின் அதே இடத்தில்தான் இருக்கிறது. ரும்ப்ளர் யூதர். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் சிறைக்குப் போனார், வெளியே வந்தபோது தொழில் முடிந்திருந்தது. 1940-ல் இறந்தார். அவர் மூட்டையில் இன்னொரு சரக்கும் இருந்தது, ஆடும் ஆக்சில். அதை மறந்துவிட வேண்டாம், கட்டுரையின் பின்பாதி முழுவதும் அது வரப்போகிறது.

அதற்கு முன்னால் இன்னும் பழைய இரண்டு வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வியன்னாவின் லோனர் நிறுவனம் ஒரு மின்சாரக் காரை வைத்தது. வடிவமைத்தவர் 24 வயது ஃபெர்டினாண்ட் போர்ஷே. முன் சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே மோட்டார், செயினும் இல்லை கியரும் இல்லை. பேட்டரி மட்டும் 400 கிலோவுக்கு மேல். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று அடுத்த முயற்சியில் பெட்ரோல் எஞ்சினை ஏற்றி, அதை வைத்து மின்சாரம் உண்டாக்கி மோட்டாரை ஓட்டினார். இன்று ஹைப்ரிட் என்று சொல்கிறோமே, அதேதான். ஆனால் மோட்டார் சேர்ந்த சக்கரம் அசுர கனம். கனமான சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் எந்த ஸ்பிரிங்கும் அதை அடக்க முடியாது. கார்களில் அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. வேகம் குறைந்த, எடை குறைந்த மின்சார ஸ்கூட்டர்களில் தீர்ந்துவிட்டது. நம் தெருவில் ஓடும் பல ஸ்கூட்டர்களின் பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும்.

இரண்டாவது, நெதர்லாந்தின் ஸ்பைக்கர். குதிரை வண்டி கட்டும் குடும்பம், டச்சு அரசியின் தங்க ரதம் அவர்கள் பட்டறையில் செய்ததுதான். 1903-ல் அவர்கள் ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற மாதிரி ஒரு பந்தயக் காரைச் செய்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேறு. மழைச் சேற்றில் வழுக்காமல் போவதற்காக. திரும்பவும் வேண்டும், விசையும் வாங்க வேண்டும் என்றால் முன் சக்கரத்துக்கு ஒரு நல்ல மூட்டு தேவை. எந்தக் கோணத்திலும் சீராகச் சுழலும் அப்படிப்பட்ட மூட்டு 1920-களின் பின்பகுதியில்தான் உருப்படியாக வந்தது. அது இல்லாமல் இந்தக் கார் விற்பனைச் சரக்காக முடியவில்லை. அண்ணன் தம்பி இருவரில் ஹென்ட்ரிக்-யான் 1907-ல் கப்பல் விபத்தில் இறந்துபோனார். அந்த ஒற்றைக் கார் மட்டும் ஹேக் நகரின் லோவ்மன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

இனி லான்சியா லம்டா. இந்தக் காரைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், கரூர் போனால் போதும்.

சின்ன வயதில் நெடுஞ்சாலையில் பார்த்த ஒரு காட்சி என் மனதில் அப்படியே நிற்கிறது. இரண்டு நீளமான இரும்புச் சட்டம், முன்னால் எஞ்சின், நான்கு மூலையில் டயர். மேலே கேபின் இல்லை, கூரை இல்லை. ஒரு ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தற்காலிகமாக வைத்த இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவார். தொழிற்சாலையிலிருந்து வரும் வெறும் சேசிஸ் அது. கரூரிலும் நாமக்கல்லிலும் இருக்கும் பட்டறைகளுக்குப் போய், அங்கே பாடி கட்டியபின்தான் அது பஸ்ஸாகவோ லாரியாகவோ ஆகும். சேசிஸ் வேறு, பாடி வேறு. எடையைச் சுமப்பது சேசிஸ். பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கூடு, அவ்வளவுதான்.

1920 வரை கார்களும் இப்படித்தான் இருந்தன. கம்பெனி சேசிஸ் கொடுக்கும். வாங்குகிறவர் அதைத் தனக்குப் பிடித்த பாடி பட்டறைக்கு அனுப்பி வைப்பார். இந்த ஏற்பாட்டில் இரண்டு தொல்லை. சட்டத்தின் மேல் பாடி உட்காருவதால் கார் உயரமாகிவிடும், வளைவில் சாயும். இரும்புச் சட்டம் ஏணி மாதிரிதான், ஒரு மூலையைப் பிடித்து முறுக்கினால் முறுக்கும்.

வின்சென்ஸோ லான்சியா பழைய பந்தய ஓட்டுநர். ஃபியட்டுக்காகப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தவர், 1906-ல் டூரினில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். கப்பலுக்குத் தனியாக ஒரு சட்டம் வைத்து அதன்மேல் கூடு கட்டுவதில்லை, அதன் உடம்பேதான் சுமையைத் தாங்குகிறது. காரும் ஏன் அப்படி இருக்கக்கூடாது? முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1918 கடைசியில், இந்த யோசனைக்கு அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1922 இலையுதிர் காலத்தில் பாரிஸ், லண்டன் கண்காட்சிகளில் லம்டா வெளிவந்தது. பார்த்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அதன் தாழ்வுதான். பக்கச் சுவர்கள் அழுத்திச் செய்த எஃகுத் தகடுகளால் ஆனவை, அவைதான் எடையைச் சுமந்தன. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் புரப்பெல்லர் ஷாஃப்ட், தரையின் நடுவே ஓடும் ஒரு சுரங்கத்துக்குள் போனது. அதனால் உட்காருகிறவர்கள் ஷாஃப்டுக்கு மேலே ஏறி உட்கார வேண்டியதில்லை, அதற்கு இரண்டு பக்கமும் இறங்கி உட்காரலாம். அம்பாசிடரின் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, கால்களை எங்கே வைப்பது என்று அவதிப்பட்டவர்களுக்கு அந்த மேடு நன்றாகத் தெரியும். நம் அம்பாசிடருக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சட்டம்.

முன் சக்கரங்களை இணைக்கும் ஒரே ஆக்சிலையும் லான்சியா தூக்கி எறிந்தார். ஒவ்வொரு சக்கரமும் ஒரு செங்குத்துக் குழாயின் மேல் தனித்தனியாக ஏறி இறங்கும். சுருள் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய் டாம்பரும் அந்தக் குழாய்க்குள்ளேயே. இதை வரைந்தவர் பத்திஸ்தா ஃபால்கெட்டோ. இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரத்துக்குத் தெரியாது. எஞ்சினும் விசேஷம்தான்: நான்கு சிலிண்டரை மிகக் குறுகிய 'வி' வடிவில் நெருக்கி வைத்ததால் அதன் நீளம் பாதியாகச் சுருங்கியது, மிச்சமான இடம் மனிதர்களுக்குப் போனது. 2.1 லிட்டர், 49 குதிரைத்திறன். அதைவிடப் பெரிய எஞ்சின் வைத்த கார்கள் மலைப்பாதை வளைவுகளில் திணறும்போது லம்டா ரோட்டை விட்டு அசையாமல் போகும்.

இது தோற்ற கார் அல்ல. 1931 வரை சுமார் 13,000 விற்றது. ஆனாலும் அந்த முக்கிய யோசனை, உடம்பே சட்டம் என்பது, இந்தக் காரோடு உடனே பரவவில்லை. காரணத்தை யோசித்தால் மறுபடி கரூர்தான் ஞாபகம் வருகிறது. தனிச் சேசிஸ் இல்லாத காரின் மேல் பாடி பட்டறைக்காரர் என்ன கட்டுவார்? வசதியான வாடிக்கையாளர்கள் தங்களுக்கென்று தனியாகச் செய்த பாடியைத்தான் கௌரவமாக நினைத்தார்கள். பட்டறைகள் அவர்கள் பக்கம். கடைசியில் லான்சியாவே இறங்கி வந்தார். 1920-களின் பின்பகுதியில் லம்டாவுக்குப் பட்டறைக்காரர்கள் கேட்டபடி தனிச் சேசிஸும் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்து வந்த பெரிய கார் டிலம்டா பழையபடி தனிச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்தது. தன் கண்டுபிடிப்பைத் தானே பின்வாங்கும்போது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

உடம்பே சட்டம் என்பது ஊர் முழுவதும் பரவ வேறு ஒன்று தேவைப்பட்டது: எஃகுத் தகடுகளைப் பெரிய அச்சில் அழுத்தி, வெல்டு வைத்து, ஆயிரக்கணக்கில் செய்யும் இயந்திரங்கள். அமெரிக்காவின் பட் நிறுவனம் அந்த வித்தையில் கைதேர்ந்தது. அவர்கள் உதவியோடு 1934-ல் சித்ரோவன் டிராக்ஷன் அவான்ட் வந்தது. அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. லான்சியா தன் பிடிவாதத்தை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனிச் சட்டமே இல்லாத சின்னக் கார் அப்ரிலியாவைத் தயார் செய்தார். அது விற்பனைக்கு வரும் தறுவாயில், 1937 பிப்ரவரியில், இறந்துபோனார்.

மூன்றாவது கார் டாட்ரா. டாடா அல்ல, டாட்ரா. இன்றைய செக் குடியரசில் கொப்ரிவ்னிட்சே என்ற சிறிய ஊர். 1850-லிருந்தே அங்கே குதிரை வண்டிகள் செய்தார்கள், அப்புறம் ரயில் பெட்டிகள், 1897-ல் 'பிரெசிடென்ட்' என்று ஒரு கார். அந்த முதல் கார் வேலையில் கைகொடுத்த இளைஞர்களில் ஒருவர் ஹான்ஸ் லெட்விங்கா. இன்னொருவர், ஆமாம், நம்ம எட்மண்ட் ரும்ப்ளர். இருவரும் ஒரே பட்டறையில் நின்றவர்கள்.

1903-ல் ரும்ப்ளர் ஜெர்மனியில் ஆட்லர் கம்பெனியில் இருந்தபோது ஆடும் ஆக்சிலுக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரணப் பின் ஆக்சில் ஒரே நேர்த் தண்டு, இரண்டு சக்கரமும் அதன் இரண்டு முனையில். ஒரு சக்கரம் ஏறினால் மற்றது சாயும். ரும்ப்ளர் அந்தத் தண்டை நடுவில் வெட்டி, எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் கீல் வைத்துவிட்டார். இப்போது ஒவ்வொரு சக்கரமும் பறவை இறக்கை அடிப்பது மாதிரி தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். குண்டும் குழியுமான ரோட்டில் அவ்வளவு சுகம்.

லெட்விங்கா இதை எடுத்துக்கொண்டு தன் சொந்த யோசனையைச் சேர்த்தார். 1923-ல் வந்த டாட்ரா 11 காரில் ஏணி மாதிரிச் சட்டமே இல்லை. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு தடித்த குழாய். முன் நுனியில் எஞ்சினும் கியர்பாக்ஸும், பின் நுனியில் டிஃபரன்ஷியல். ஷாஃப்ட் அந்தக் குழாய்க்குள்ளேயே சுற்றும், கல்லும் சேறும் அதைத் தொடாது. குழாயை முறுக்கிப் பார்த்தால் தெரியும், ஏணியைவிட எவ்வளவு விறைப்பு என்று. எஞ்சினுக்குத் தண்ணீரும் கிடையாது, காற்றே சூட்டைத் தணிக்கும். கொப்ரிவ்னிட்சே இருக்கும் மொராவியாவின் குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து வெடிக்கும் கவலை விட்டது.

இந்த இடத்தில் பால் யாராய் என்பவர் வருகிறார். இவரும் வியன்னாக்காரர். செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தவர். ரும்ப்ளர் மேலிருந்து பார்த்தால் துளியாகத் தெரியும் வண்டியைச் செய்தார், பக்கச் சுவர்கள் செங்குத்தாகவே நின்றன. யாராய் யோசித்தது வேறு மாதிரி. வானத்தில் மிதக்கும் கப்பலுக்கு முழுத் துளி சரி, தரையை ஒட்டி ஓடும் வண்டிக்கு அடியில் காற்று ஓட இடமில்லையே, அதற்குப் பாதித் துளிதான் சரி. துளியைக் கிடத்தி, நீளவாக்கில் வெட்டி, மேல்பாதியைச் சக்கரத்தின் மேல் கவிழ்த்துவிடு. இதற்கு 1921-லேயே காப்புரிமை கேட்டு வைத்திருந்தார். டாட்ரா உரிமம் வாங்கியது.

1934 மார்ச்சில் டாட்ரா 77 பிராகாவில் வெளியானது. பின்னால், ஆக்சிலுக்கும் பின்னால், காற்றால் குளிரும் மூன்று லிட்டர் வி-8 எஞ்சின், அதாவது 'வி' வடிவில் எட்டு சிலிண்டர். 60 குதிரைத்திறன்தான், ஆனாலும் 140 கி.மீ. வேகம். ஐந்தில் ஒரு பங்கு மாதிரியை வைத்து அளந்தபோது இழுவைக் கெழு 0.2455 என்று வந்தது. மாதிரியை நம்பி எழுதிய எண் அது, முழு வண்டி அவ்வளவு கொடுக்காது. அடுத்து வந்த டாட்ரா 87-ஐ 1979-ல் அதே வோல்ஃப்ஸ்பர்க் சுரங்கத்தில் அளந்தபோது 0.36 வந்தது. அதுவுமே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். 75 குதிரைத்திறனில் 160 கி.மீ. போன கார் அது. காற்றோடு சண்டை போடாததால் மிச்சமான சக்தி அவ்வளவும் வேகமாக மாறியது.

டாட்ரா 87-ஐப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் முன்பக்கத்தில் மூன்று விளக்கு, நடுவில் ஒன்று. முன்கண்ணாடி மூன்று துண்டு: நடுவில் அகலமாக ஒன்று, இரண்டு பக்கமும் உடம்போடு வளைந்து போகும் ஒவ்வொன்று. முன் மூடியைத் திறந்தால் எஞ்சின் இருக்காது, ஸ்டெப்னி டயர்கள்தான் கிடக்கும். பின்னால் போய் நின்றால் இன்னும் ஆச்சரியம். பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மீன் செவுள் மாதிரி வரிவரியாகத் திறப்புகள், எஞ்சினுக்குக் காற்று போக. முதுகின் நடுவே சுறாத் துடுப்பு மாதிரி ஒரு தகடு, பக்கக் காற்றில் வண்டி அலையாமல் இருக்க. ஓட்டுநர் பின்னால் வருகிறவரை அந்தச் செவுள்களின் இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டும். 1947-லிருந்து 1950 வரை இர்ஷி ஹன்ஸெல்கா, மிரோஸ்லாவ் சிக்முண்ட் என்ற இரண்டு செக் இளைஞர்கள் இதே மாடல் காரில் ஆப்பிரிக்காவையும் லத்தீன் அமெரிக்காவையும் சுற்றி வந்தார்கள். பாலைவன வெயிலில் தண்ணீர் கேட்காத எஞ்சின் எவ்வளவு பெரிய வரம் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

இந்த மூட்டையில் சொதப்பியது எது? ஆடும் ஆக்சிலும் பின்பாரமும் சேர்ந்த சேர்க்கை.

வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் முழு பாரமும் விழும். ரோடு அந்தச் சக்கரத்தின் அடியைக் காரின் வயிற்றுப் பக்கமாகத் தள்ளும். நேர்த் தண்டாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் இங்கே கீல் இருக்கிறதே, சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், மடங்கும்போது வண்டியின் பின்புறத்தை ஜாக்கி மாதிரி தூக்கிவிடும். டயர் முழுப் பட்டையில் நிற்காமல் ஓரத்தில் நிற்கும், பிடி போகும். பின்னால் கனமான வி-8 வேறு. பிடி போன நொடியில் அந்தக் கனம் ஊஞ்சல் மாதிரி வெளியே வீசும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டாம் உலகப் போரில் செக் நாட்டைப் பிடித்த ஜெர்மன் அதிகாரிகள் இந்தக் காரை ஆசையாக எடுத்து ஓட்டி மரத்தில் மோதிச் செத்தார்கள் என்றும், அதனால் இதை ஓட்டத் தடையே போட்டார்கள் என்றும் அங்கே இன்றும் கதை சொல்கிறார்கள்.

லெட்விங்காவின் கதை மனதைப் பிசையும். சின்ன டாட்ரா 97 கார், பின்னால் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், உருண்டை முதுகு. 508 செய்ததோடு ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குப் பின் நிறுத்தப்பட்டது. அதே அமைப்பில் போர்ஷே செய்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் உலகம் முழுக்கப் போனது. டாட்ரா தொடர்ந்த காப்புரிமை வழக்கு போரில் அமுங்கிப்போய், 1960-களில்தான் ஃபோக்ஸ்வாகன் பணம் கொடுத்துத் தீர்த்தது. லெட்விங்காவுக்குப் போர் முடிந்ததும் சிறை. ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டு. 1951-ல் வெளியே வந்தவர் மறுபடி டாட்ராவுக்குப் போகவில்லை. 1967-ல் மியூனிக்கில் இறந்தார்.

ஆடும் ஆக்சில் நம் ஊருக்கும் வந்தது. 1959-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளியானது. 1961-லிருந்து சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார், ஒடுக்கமான தெருக்காரர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் இருந்தது. 1959-ல் எதற்குத் தனிச் சேசிஸ் என்று தோன்றும். காரணம் வியாபாரம்: ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்குப் பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டியாளர்கள் வாங்கிவிட்டார்கள். முழு உடம்பை அழுத்திக் கொடுக்க ஆள் இல்லாததால் துண்டு துண்டாகச் செய்து சேசிஸின் மேல் போல்ட்டு போட்டு முறுக்கினார்கள். லான்சியா பட்டறைகளுக்காக இறங்கி வந்தார், இவர்கள் பட்டறை கைவிட்டுப் போனதால் இறங்கி வந்தார்கள்.

ஹெரால்டின் பின்னால் இருந்தது ரும்ப்ளர் 1903-ல் கீல் வைத்த அதே ஆடும் ஆக்சில், குறுக்கே ஒரே ஒரு கமான் பட்டையோடு. எஞ்சின் முன்னால் இருந்ததால் டாட்ரா அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் வளைவில் வெளிச்சக்கரம் மடங்கும் குணம் அப்படியே இருந்தது. பட்டறை மெக்கானிக்குகளுக்கும் அது பழகாத சமாச்சாரம். 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாகக் கஸெல் வந்தபோது அந்தக் கீலை எடுத்துவிட்டு, லாரிக்கு இருப்பது மாதிரி ஒரே தண்டு ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள்.

அப்படியானால் ஆடும் ஆக்சில் கெட்ட சரக்கா? தப்பான மூட்டையில் இருந்த சரக்கு, அவ்வளவுதான். டாட்ரா தன் லாரிகளில் லெட்விங்காவின் முதுகெலும்புக் குழாயையும் ஆடும் ஆக்சிலையும் கைவிடவே இல்லை. 160 கி.மீ. வேகத்தில் வளைவில் திரும்ப வேண்டிய வேலை லாரிக்கு இல்லை. அதற்கு வேண்டியது கல்லிலும் மணலிலும் பள்ளத்திலும் எட்டுச் சக்கரமும் தரையை விடாமல் பிடித்துக்கொள்வது. அந்த வேலைக்கு இதைவிடத் தோதான அமைப்பு குறைவு. 1980-களிலிருந்து பெங்களூருவைச் சேர்ந்த பி.இ.எம்.எல். நிறுவனம் இந்த லாரிகளை உரிமம் வாங்கி நம் ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. பினாகா ராக்கெட்டுகளை ஏற்றிய லாரி குடியரசு தின அணிவகுப்பில் டெல்லி கர்தவ்ய பாதையில் (2022 வரை ராஜபாதை) போவதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த முறை டாட்ரா லாரி பாரமில்லாமல் நிற்கும் படம் ஏதாவது கண்ணில் பட்டால் ராக்கெட்டை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள். நேராக நிற்காது. அடிப்பக்கம் வண்டியின் வயிற்றுப் பக்கமாகச் சரிந்து, மேல்பக்கம் வெளியே விரிந்து நிற்கும். பாரம் ஏறியதும் ஒவ்வொன்றும் நிமிர்ந்துகொள்ளும்.